ஒரு படம், பல கைகள்: 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள்

பெங்களூரு கிழக்குத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள பிரேசர் டவுன், 1910ஆம் ஆண்டளவில் உருவான குடியிருப்புப் பகுதியாகும். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேயரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இன்று அரசு ஆவணங்களில் இதன் பெயர் புலிகேசி நகர். ஆயினும் மக்கள் நாவில் வழங்குவது பழைய பெயரே. இப்பகுதியிலும் இதனைச் சூழ்ந்துள்ள பழைய தண்டுப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் உருதும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்வது இங்குள்ள பிள்ளைகளுக்கு இயல்பு.

இப்பகுதி மக்கள் பல்லாண்டுகளாகத் திரைப்படம் கண்டு மகிழ்ந்த இடங்களுள் எவரெஸ்ட் திரையரங்கும் ஒன்று. எந்தத் திரையரங்கிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கதை முடிந்ததும் திரையில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும். அதே நொடியில் விளக்குகள் எரியும், கதவுகள் திறக்கும், மக்கள் எழுந்து வெளியேறுவர். படத்தை உருவாக்கிய நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் வெற்று நாற்காலிகளை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். நடிகரின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் அறிந்தவர்கள் ஒலிப்பதிவாளரின் பெயரை அறிவதில்லை.

அந்தப் பெயர்களுள் சிலவற்றையேனும் ஆண்டுக்கொரு முறை நாடறியச் செய்வன தேசியத் திரைப்பட விருதுகள். அவற்றுள் 2020ஆம் ஆண்டின் படங்களுக்கு வழங்கப்பட்ட 68ஆவது விருதுகள் தமிழருக்கும் கருநாடகத்தாருக்கும் ஒருசேர நெருக்கமானவை.

அரங்குகள் மூடிய ஆண்டு

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் திரையரங்குகள் மூடப்பட்டன. அக்டோபரில்தான் பாதி இருக்கைகளுடன் திறக்க இசைவு கிடைத்தது. முடிந்த படங்கள் பெட்டியிலேயே கிடந்தன. சில படங்கள் இணையவழியாக வீடுகளுக்கே வந்தன. சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' 2020 நவம்பர் 12 அன்று அவ்வாறு வெளியாயிற்று. பெரிய திரைக்கென எடுக்கப்பட்ட அப்படத்தை மக்கள் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கண்டனர்.

விருதுகளும் தாமதமாயின. 2020ஆம் ஆண்டின் படங்களுக்கான விருதுகள் 2022 ஜூலை 22 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று புதுதில்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவற்றை வழங்கினார்.

தமிழ்ப் படங்களுக்கு அவ்வாண்டு பத்து விருதுகள் கிட்டின. 'சூரரைப் போற்று' ஐந்து விருதுகளையும், 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' மூன்று விருதுகளையும், 'மண்டேலா' இரண்டு விருதுகளையும் பெற்றன. சிறந்த கதைப்படம் என்னும் முதன்மை விருதும் 'சூரரைப் போற்று'க்கே உரியதாயிற்று. அவ்விருது தமிழுக்குக் கிடைத்தது மூன்றாம் முறை. முதல் முறை 1990ஆம் ஆண்டின் 'மறுபக்கம்' பெற்றது. அது இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' என்னும் கதையைத் தழுவியது. அடுத்து 2007ஆம் ஆண்டின் 'காஞ்சிவரம்' பெற்றது. பட்டு நெய்தும் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுக்க இயலாத நெசவாளியின் கதை அது. அந்நெசவாளியாக நடித்துச் சிறந்த நடிகர் விருதைப் பெற்ற பிரகாஷ்ராஜ் பெங்களூருவில் பிறந்தவர்.

பெங்களூருவிலிருந்து சோழவந்தானுக்கு

'சூரரைப் போற்று' படத்தின் நாயகன் நெடுமாறன் மதுரை மாவட்டத்துச் சோழவந்தானைச் சேர்ந்தவன். எளிய மக்களும் வானூர்தியில் பறக்க வேண்டும் என்பது அவன் கனவு. இக்கதையின் வேரோ கருநாடகத்தில் உள்ளது. ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் வளர்ந்தவர் கேப்டன் கோபிநாத். இராணுவத்தில் பணியாற்றி 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கேற்றவர். பின்னர் உழவராகப் பட்டுப்புழு வளர்த்தவர். 2003ஆம் ஆண்டில் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 'ஏர் டெக்கான்' என்னும் குறைந்த கட்டண வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினார். சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கும் விற்றார். அவர் எழுதிய 'சிம்ப்ளி பிளை' என்னும் தன்வரலாற்று நூலே இப்படத்திற்குத் தூண்டுகோல்.

ஒருவருடைய வாழ்க்கை அப்படியே திரைப்படம் ஆகிவிடாது. நாற்பது ஆண்டு வாழ்வை இரண்டரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். எதனை எடுப்பது, எதனை விடுப்பது, எதனை முன்னே வைப்பது, எதனைப் புதிதாகப் படைப்பது என்று முடிவு செய்து காட்சிகளாக வகுத்து எழுதுவதே திரைக்கதை. கோபிநாத் தரைப்படையில் பணியாற்றியவர். படத்தில் நெடுமாறன் வான்படையைச் சேர்ந்தவன். கோபிநாத்தின் ஊர் ஹாசன். நெடுமாறனின் ஊர் சோழவந்தான். சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் இணைந்து எழுதிய இத்திரைக்கதைக்கு விருது கிடைத்தது. தழுவல் என்னும் பிரிவில் அன்று, புதிதாக எழுதப்பட்ட திரைக்கதை என்னும் பிரிவிலேயே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. படத்தில் கற்பனை மிகுதி என்பதைச் சுட்டிய கோபிநாத்தும், தம் கதையின் சாரத்தைப் படம் பற்றிக்கொண்டது எனப் பாராட்டினார்.

நெடுமாறனாக நடித்த சூர்யா சிறந்த நடிகருக்கான விருதினை, 'தானாஜி' படத்தில் நடித்த அஜய் தேவ்கனுடன் பகிர்ந்துகொண்டார். தந்தை இறக்கும் தறுவாயில் இருக்கிறார். ஊருக்கு விரைய வேண்டும். வானூர்திச் சீட்டு வாங்கக் கையிலுள்ள பணம் போதவில்லை. சீருடை அணிந்து மிடுக்குடன் வாழ்ந்த இளைஞன், நிலையத்தில் முன்பின் அறியாத பயணிகளிடம் கையேந்துகிறான். படம் பார்த்தவர் எவரும் மறவாத காட்சி இது. நாயகனின் மனைவி பொம்மியாக நடித்த அபர்ணா பாலமுரளிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மலையாளம் பேசி வளர்ந்த அவர் மதுரை வட்டாரத் தமிழ் பேசி நடித்தார். வீட்டுமொழி ஒன்றும் வெளிமொழி மற்றொன்றுமாக வாழ்வோர் அதன் அருமையை எளிதில் உணர்வர்.

பாட்டும் பின்னணியும்

இப்படத்தின் ஐந்தாவது விருது பின்னணி இசைக்காக ஜி. வி. பிரகாஷ்குமாருக்கு வழங்கப்பட்டது. இசைக்கு ஏன் இரண்டு விருதுகள் எனச் சிலர் வினவக்கூடும். பாடல்களுக்கு இசையமைப்பது ஒரு பணி. அவ்வாண்டு அதற்கான விருதினைத் தெலுங்குப் படமான 'அல வைகுந்தபுரமுலோ'விற்காகத் தமன் பெற்றார். காட்சிகளின் பின்னே ஒலிக்கும் இசையை அமைப்பது வேறு பணி. பாடல், கேட்பவரின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கிறது. பின்னணி இசை அவ்வாறு செய்தல் ஆகாது. அது காட்சியின் கீழே நீரோட்டம்போல ஓட வேண்டும். நாம் கண்கலங்கிய பின்னரும், கலங்கச் செய்தது இசை என்பதை நாம் அறிவதில்லை.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அச்சமூட்டும் காட்சி ஒன்றை ஒலியை முற்றும் நிறுத்திவிட்டுப் பார்த்தால், இருட்டில் ஒருவர் கதவைத் திறக்கிறார் என்பது மட்டுமே எஞ்சும். அச்சம் எங்கே போயிற்று? அது கதவில் இல்லை, ஒலியில் இருந்தது.

வெட்டும் கலை

வஸந்த் சாய் இயக்கிய 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' சிறந்த தமிழ்ப் படத்திற்கான விருதினைப் பெற்றது. அசோகமித்திரன், ஜெயமோகன், ஆதவன் ஆகிய மூவரின் சிறுகதைகளிலிருந்து பிறந்த மூன்று பெண்களின் கதை இது. கணவனின் கொடுமைக்கு அஞ்சி வாழ்ந்த சரஸ்வதி ஒருநாள் எதிர்த்துப் பேசிவிடுகிறாள். கூட்டுக் குடும்பத்தில் வாழும் தேவகி நாட்குறிப்பு எழுதுகிறாள். அதில் என்ன எழுதுகிறாள் என்று குடும்பமே கேட்கிறது. கல்லூரியில் ஓட்டப்பந்தய வீராங்கனையாகத் திகழ்ந்த சிவரஞ்சனியின் ஓட்டம் திருமணத்தோடு நின்றுபோகிறது. சிவரஞ்சனியாக நடித்த லட்சுமி பிரியா சந்திரமௌலி சிறந்த துணை நடிகையாகத் தேர்வு பெற்றார்.

மூன்றாவது விருது படத்தொகுப்புக்காக ஸ்ரீகர் பிரசாத்துக்குக் கிடைத்தது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' உள்ளிட்ட படங்களுக்காக முன்னரே பலமுறை தேசிய விருது பெற்றவர் அவர். ஒரு காட்சியைப் பல கோணங்களிலும் பலமுறையும் படம் பிடிப்பர். அவற்றிலிருந்து தேவையானவற்றைத் தேர்ந்து, எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் வெட்டுவது என முடிவு செய்து கோப்பவர் படத்தொகுப்பாளர். பூத்தொடுப்பவர் மலரைப் படைப்பதில்லை. ஆனால் எந்த மலரின் அருகில் எந்த மலர் அமர வேண்டும் என்பது அவர் கையில் உள்ளது.

சண்டைக் காட்சிகளில் விரைவாக வெட்டுவதையே பலர் திறமை எனக் கருதுகின்றனர். வெட்டாமல் காத்திருப்பதே அதனினும் கடினம். சரஸ்வதி எதிர்த்துப் பேசிய பின்பு அவ்வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த அமைதியை எவ்வளவு நேரம் காட்டுவது? ஒரு நொடி குறைந்தால் பார்ப்பவர் அதன் கனத்தை உணரார். ஒரு நொடி மிகுந்தால் சலிப்படைவர். பின்னொரு கதையில், முன்னாள் வீராங்கனை தன் குழந்தையின் பள்ளிப் பேருந்தை நோக்கி ஓடுகிறாள். அந்த ஓட்டத்தின் நீளத்தை அளந்தவரும் படத்தொகுப்பாளரே. சிறந்த படத்தொகுப்பு கண்ணில் படாது. அதனாலேயே படத்தொகுப்பாளரின் பெயரும் நினைவில் நிற்பதில்லை போலும்.

பெயரில்லாதவனின் சொற்கள்

மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா' படத்தின் நாயகன் ஒரு சிற்றூரின் முடிதிருத்துநர். யோகி பாபு அப்பாத்திரத்தில் நடித்துள்ளார். ஊரார் அவனை இளிச்சவாயன் என்றும் ஸ்மைல் என்றும் அழைக்கின்றனர். அவனுக்கென ஒரு பெயர் இல்லை. அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும் என்றபோது, அங்குப் பணிபுரியும் பெண் அவனுக்கு நெல்சன் மண்டேலா எனப் பெயரிடுகிறாள். பெயர் வந்ததும் வாக்காளர் அட்டையும் வருகிறது. இரு சாதிப் பிரிவினராகப் பிளவுண்ட அவ்வூரின் ஊராட்சித் தேர்தலில் இருதரப்பின் வாக்குகளும் சமமாகிவிட, அவனுடைய ஒற்றை வாக்கு வெற்றியைத் தீர்மானிப்பதாகிறது. அதுவரை அவனை வாசலில் நிறுத்தியவர்கள் அவன் வாசலில் வந்து நிற்கின்றனர்.

அறிமுக இயக்குநருக்கான விருது, உரையாடலுக்கான விருது ஆகிய இரண்டும் மடோன் அஸ்வினுக்கு வழங்கப்பட்டன. திரைக்கதை காட்சிகளின் வரிசையை அமைக்கிறது. உரையாடல் மாந்தர் வாயில் சொற்களை வைக்கிறது. இழிவாக அழைத்தவர்களே பரிவாக அழைக்கத் தொடங்கும்போது, விளியில் நேரும் சிறு மாற்றமே அவர்களின் தன்னலத்தைக் காட்டிவிடுகிறது. விளக்கவுரை வேண்டுவதில்லை. நகைச்சுவையாகத் தோன்றும் உரையாடலை எழுதுவது எளிது என்ற எண்ணமும் இப்படத்தால் அகலும்.

தோல் இசையும் ஒலிப்பதிவும்

சிறந்த கன்னடப் படத்திற்கான விருதினைச் சாகர் புராணிக் இயக்கிய 'டொள்ளு' பெற்றது. டொள்ளு என்பது கருநாடகச் சிற்றூர்களில் திருவிழாக்காலத்தில் முழக்கப்படும் பெரிய தோற்கருவி. அதனை முழக்கியவாறே குழுவாக ஆடும் ஆட்டம் டொள்ளு குணிதா எனப்படும். குழுவின் இளைஞர்கள் ஒவ்வொருவராகப் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குச் சென்றுவிட, ஊரில் கலை என்னாகும் என்பதே படத்தின் கவலை. பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தோர் தமிழர் மட்டும் அல்லர். கன்னட நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் அவ்வாறே வந்தனர் என்பதைப் பிரேசர் டவுனில் பார்ப்பவர் எண்ணிக்கொள்ளக்கூடும்.

இப்படத்திற்குக் கிடைத்த மற்றொரு விருது ஒரு சர்ச்சைக்கும் வழிவகுத்தது. அதனைப் புரிந்துகொள்ள ஒலி எவ்வாறு பதிவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

திரைப்படத்தில் பேச்சைப் பதிவு செய்ய இரு வழிகள் உள்ளன. படப்பிடிப்பு நடக்கும்போதே, நடிகர் பேசுவதை அவ்விடத்திலேயே பதிவு செய்து படத்தில் பயன்படுத்துவது ஒன்று. இதனை நேரடி ஒலிப்பதிவு எனலாம். பின்னர் ஒலிக்கூடத்தில் திரையைப் பார்த்தவாறு மீண்டும் பேசிப் பதிவு செய்வது மற்றொன்று. இதுவே டப்பிங் என வழங்கும் குரல்பதிவு. முதல் வழி மிகக் கடினமானது. மாலை நேரத்தில் பிரேசர் டவுனின் மசூதி சாலையில் இருவர் மெல்லப் பேசும் காட்சியைப் படமாக்குவதாகக் கொள்வோம். ஆட்டோக்களின் ஒலிப்பான், கடைக்காரரின் கூவல், கடந்து செல்லும் தொடர்வண்டியின் ஓசை இவற்றுக்கு நடுவே அவ்விருவரின் குரலை மட்டும் தெளிவாகப் பிடிக்க வேண்டும். ஒலிவாங்கியோ திரையில் தெரியக்கூடாது. ரமலான் மாதமாயின் அச்சாலையில் நேரடி ஒலிப்பதிவு செய்யத் துணிபவர் அரியர்.

தேசிய விருதுகளில் ஒலிக்கென அவ்வாண்டு மூன்று பிரிவுகள் இருந்தன. படப்பிடிப்பு இடத்தில் ஒலி பதிந்தவருக்கு ஒன்று; இது நேரடி ஒலிப்பதிவில் உருவான படங்களுக்கு மட்டுமே உரியது. படத்தின் ஒலி முழுவதையும் வடிவமைத்தவருக்கு மற்றொன்று. அதனை 'மீ வசந்தராவ்' என்னும் மராத்திப் படத்திற்காக அன்மோல் பாவே பெற்றார். பேச்சு, இசை, ஓசை அனைத்தையும் உரிய அளவில் இறுதியாகக் கலந்தவருக்கு மூன்றாவது. அது 'மாலிக்' என்னும் மலையாளப் படத்தின் விஷ்ணு கோவிந்துக்கும் ஸ்ரீசங்கருக்கும் கிட்டியது.

முதற்பிரிவின் விருது 'டொள்ளு'வுக்கு அறிவிக்கப்பட்டது. உடனே அப்படத்தின் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூகோஸ், அது நேரடி ஒலிப்பதிவுப் படம் அன்று, குரல்பதிவு செய்யப்பட்ட படம் என்று பொதுவெளியில் தெரிவித்தார். ஒலிக்கலைக்காக 2009ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்ற ரசூல் பூக்குட்டியும் அச்செய்தியைச் சுட்டிக்காட்டித் தேர்வு முறை குறித்து வினா எழுப்பினார். தம் படத்திற்குக் கிடைத்த விருதினைப் பற்றியே உண்மையைச் சொல்ல ஒருவர் முன்வந்தது எளிய செயல் அன்று. வல்லுநர் குழுவினர் அமர்ந்து பார்த்தபோதும் எது நேரடி ஒலி, எது பின்பதிவு என்பது பிரித்தறியப்படாமற்போயிற்று. திரைக்குப் பின்னால் நிகழும் உழைப்பு எவ்வளவு மறைவானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நேரடி ஒலிப்பதிவுக்காகப் பாடுபட்ட வேறொரு கலைஞரின் பெயர் அவ்வாண்டு சொல்லப்படாமலே போயிற்று என்பதும் இதிலடங்கும் வருத்தம்.

மலையிலிருந்து ஒரு குரல்

அவ்வாண்டில் பலர் நெஞ்சைத் தொட்ட பெயர் நஞ்சம்மா. கோயம்புத்தூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய அட்டப்பாடி மலைப்பகுதியில் வாழும் இருளர் பழங்குடியினர் அவர். முறையான இசைப்பயிற்சி பெறாதவர். ஆடுமாடுகள் மேய்த்து வாழ்ந்தவர். 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தில் தம் இருளர் மொழியில் பாடிய பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருதினைப் பெற்றார். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. செவிகொடுத்துக் கேட்கும் தமிழர்க்குப் பல சொற்கள் புலனாகும்.

அப்படத்தின் இயக்குநர் சச்சி, படம் வெளிவந்த சில திங்களில், 2020 ஜூன் 18 அன்று மறைந்தார். சிறந்த இயக்குநர் விருது அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவர்தம் மனைவி அதனைப் பெற்றுக்கொண்டார். சிறந்த படம் ஒன்றாகவும் சிறந்த இயக்குநர் வேறொரு படத்தவராகவும் இருப்பதில் முரண் இல்லை. முன்னது படைப்பு முழுமைக்கும், பின்னது இயக்கும் திறனுக்கும் உரியது. அப்படத்தின் சண்டைக் காட்சிகளை அமைத்த மாபியா சசி, ராஜசேகர், சுப்ரீம் சுந்தர் ஆகிய மூவரும் விருது பெற்றனர்.

பிற கலைகளுக்கும் விருதுகள் இருந்தன. கறுப்பு வெள்ளையில் படமான 'அவிஜாத்ரிக்' என்னும் வங்காளப் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதிம் போல், 'கப்பேளா' என்னும் மலையாளப் படத்தின் கலை இயக்குநர் அனீஸ் நாடோடி, 'நாட்யம்' என்னும் தெலுங்குப் படத்தின் நடன அமைப்பாளர் சந்தியா ராஜு, அதே படத்தின் ஒப்பனையாளர் ராம்பாபு ஆகியோர் அவர்களுள் சிலர்.

பட்டியல் நீண்ட வரலாறு

இத்தனை பிரிவுகளும் தொடக்கத்திலேயே இருந்தன அல்ல. முதல் விருதுகள் 1953ஆம் ஆண்டின் படங்களுக்காக 1954இல் வழங்கப்பட்டபோது படங்களுக்கு மட்டுமே பரிசு உண்டு. தனியொரு கலைஞருக்கு இல்லை. 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் 'மலைக்கள்ளன்'. நடிகர், நடிகையர்க்கும் ஒளிப்பதிவாளர்க்கும் 1967ஆம் ஆண்டின் படங்கள் முதற்கொண்டே விருது கிடைத்தது. படத்தொகுப்பாளரும் ஒலிப்பதிவாளரும் 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடை வடிவமைப்பு 1984ஆம் ஆண்டிலும், ஒப்பனை 2006ஆம் ஆண்டிலும் பட்டியலில் இடம்பெற்றன. உயிரைப் பணயம் வைத்துச் சண்டைக் காட்சிகளை அமைப்போர்க்கு 2016ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் விருது. 'புலிமுருகன்' படத்திற்காக அதனை முதலில் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அடிபட்டும் விழுந்தும் எழுந்தும் பணியாற்றியிருந்தனர்.

பரிசுத் தொகையிலும் வேறுபாடு உண்டு. 68ஆவது விருதுகளில் சிறந்த கதைப்படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநரும் தங்கத் தாமரையும் 2,50,000 ரூபாயும் பெற்றனர். நடிப்புக்கும் தொழில்நுட்பக் கலைகளுக்கும் வெள்ளித் தாமரையும் 50,000 ரூபாயும் உரியன. நடிகருக்கு எவ்வளவோ அவ்வளவே படத்தொகுப்பாளருக்கும். விளம்பரப் பலகைகளில் இல்லாத சமன் விருது மேடையில் இருக்கிறது.

கலைஞர்கள் மொழியெல்லை கடந்து பணியாற்றியதையும் இவ்வரலாறு காட்டுகிறது. ஈழத்து மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா முதன்முதலில் இயக்கியது 'கோகிலா' என்னும் கன்னடப் படம். 1977ஆம் ஆண்டின் அப்படத்திற்காக அவர் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார். லிவிங் ஸ்மைல் வித்யா என்னும் திருநங்கை தமிழில் எழுதிய தன்வரலாறு, 'நானு அவனல்ல அவளு' என்னும் கன்னடப் படமாயிற்று. 2014ஆம் ஆண்டின் விருதுகளில் அப்படத்தின் நாயகர் சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒப்பனைக்கான விருதும் அதற்கே. ஆண் உடலிலிருந்து பெண்ணாகும் ஒருவரைத் திரையில் நம்பச் செய்ததில் நடிப்பின் பங்கு எவ்வளவு, ஒப்பனையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தல் இயலாது. அதே சஞ்சாரி விஜய் நடித்த 'தலெதண்டா' என்னும் கன்னடப் படம் 2020ஆம் ஆண்டிற்கான சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பட விருதினைப் பெற்றது. அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. 2021 ஜூன் திங்களில் பெங்களூருவில் நேர்ந்த சாலை விபத்தில் உயிரிழந்திருந்தார்.

தமிழரின் நூல் கன்னடப் படமாகவும், கருநாடகத்தாரின் வாழ்க்கை தமிழ்ப் படமாகவும் மாறிய இவ்விரு படங்களையும் மொழி பெயர்ப்பு எழுத்துகள் இன்றிப் பார்க்கக்கூடியோர் பிரேசர் டவுனில் பலர் உள்ளனர்.

செயல்பாடு

வீட்டாருடன் அமர்ந்து ஒரு தமிழ்ப் படத்தையும் ஒரு கன்னடப் படத்தையும் பெயர்ப்பட்டியல் முடியும்வரை நிறுத்தாமல் பார்க்கவும். இரண்டிலும் படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், கலை இயக்குநர், ஒப்பனையாளர் ஆகியோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளவும். இரு படங்களிலும் பணியாற்றியவர் எவரேனும் உளரா எனக் கண்டு, அவர் செய்த பணி யாது என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.